அ என்பவரும் ஆ என்பவரும்

“அ-வுக்கு அம்மா கிடையாது. இந்தத் துறையில எழுதற கட்டுரையில யாருக்குமே அம்மா கிடையாது. அடிச்சிடு!”

சொன்னதோடு நிற்காமல் பேராசிரியையே சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார். ‘அ-வின் அம்மா அழுகிறார்’ என்று எழுதியிருந்த மூன்றாம் ஆண்டு மாணவன் தாளை வாங்கிக்கொண்டான்.

சமயம், தத்துவம், அறவியல் மூன்றும் ஒரே மாடியில் குடித்தனம் நடத்திய துறை அது. அறவியல் அவருடையது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘எதிர்க்கட்சி’. கடவுள் உண்டு என்று போனால் இல்லை என்பார். சரி, இல்லை என்று ஒத்துக்கொண்டால் மறுநாள் உண்டு என்று மடக்குவார். இரண்டு நாளும் அடி வாங்கிய பிறகுதான் மாணவன் முடிவுரை எழுதலாம். இருபது வருடமாக அப்படித்தான் பாடம் நடக்கிறது. அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. உதாரணத்தில் பெயர், வயது, உறவு எதுவும் வரக்கூடாது. விவரம் வந்தால் கண்ணீர் வரும், கண்ணீர் வந்தால் வாதம் வழுக்கும் என்பார்.

“சரி, விஷயத்துக்கு வா. முன்பின் தெரியாத ஆ-வுக்கு ஒண்ணு தரேன்னு அ ஒத்துக்கிட்டார். இப்பப் பயம் வந்துடுச்சு. தந்துதான் ஆகணுமா?”

“தரணும் மேடம். சொன்ன சொல்லு…”

“சொன்ன சொல்லு என்ன, கால்ல கட்டின சங்கிலியா? அ தர்றது யாரோடது?”

“அவரோடது.”

“அ யாருன்னு ஆ-வுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப யாருக்குக் கொடுத்த வாக்கு? காத்துக்கா? தன்னோடதைத் தனக்கே வெச்சுக்கறது எப்படிப்பா தப்பாகும்?”

“தரலேன்னா ஆ-வுக்குப் பெரிய நஷ்டம் மேடம்.”

“ஊர் நஷ்டத்துக்கெல்லாம் அ பொறுப்பா?”

பலகையில் அவன் அ-விலிருந்து ஆ-வுக்கு ஒரு கோடு போட்டிருந்தான். எழுந்து போய் அந்தக் கோட்டை மட்டும் துடைத்தார். இரண்டு எழுத்தும் தனித்தனியாக நின்றன.

“மேடம், இது நெசமாவே…”

“விவரம்!” என்று விரலைத் தூக்கினார். ஆளை மடக்கிவிட்ட சந்தோஷம் அவருக்கு எப்போதும்போல் இனித்தது.

“நாளைக்கு வா. இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு.”

அவன் போனதும் கைபேசி அதிர்ந்தது. கணவர். “நாளைக்கு பெட் காலியாகுதாம். பாப்பாவைச் சேர்த்துடலாம். அடுத்த திங்கட்கிழமை ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறாங்க.”

பேராசிரியை கண்களை மூடிக்கொண்டார். பத்து வயது மகளுக்காகப் பதினொரு மாதம் காத்திருந்த சேதி இது. துறையில் ஒரு ஈ காக்கைக்கும் அவர் சொன்னதில்லை. தன் வீட்டு விஷயத்திலும் அவருக்கு விவரம் பிடிக்காது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

புதன்கிழமை காலை அவர் அறையைத் திறக்கும்போதே மாணவன் வாசலில் நின்றான். முகத்தில் தெளிவு.

“முடிவுரை எழுதிட்டேன் மேடம். அ தர வேண்டியதில்ல. நீங்க சொன்னதுதான் சரி.”

“அதுக்குள்ளயா? இன்னிக்குத்தானேப்பா நான் கட்சி மாறணும்! தந்தே ஆகணும்னு உன்னைக் கிழிகிழின்னு கிழிக்கப் போறேன். உள்ளதைச் சொன்னா, என் சொந்தக் கருத்தும் அதுதான்.”

அவன் முகத்துத் தெளிவு வடிந்துவிட்டது. “உங்க கருத்தும் அதுதானா?”

“பின்னே? தர்றேன்னு ஒருத்தன் சொன்னா, அதை நம்பி இன்னொரு உயிர் உக்காந்திருக்குமே.”

“நேத்து வந்தேன் மேடம். நீங்க லீவுன்னாங்க. நேத்து சாயந்திரத்துக்குள்ள அ பதில் சொல்லணும்னு…”

“கட்டுரைக்கு ஏதுப்பா சாயந்திரம்?” என்று சிரித்தார். கைபேசி அடித்தது.

“உக்காந்திருக்கியா?” என்றார் கணவர். குரல் உடைந்திருந்தது. “பாப்பாவுக்குக் கொடுக்கறதா இருந்த ஆள் முடியாதுன்னுட்டாராம். நேத்து சாயந்திரம் ஃபோன்ல சொன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இப்பத்தான் தகவல் வந்துச்சு. யாருன்னு கேட்டேன், காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். சொல்லக் கூடாதாம், சட்டமாம். உலகம் பூரா சலிச்சுத் தேடினதுல பொருந்தினது அந்த ஒரு ஆள்தான்…”

அவர் திரும்பிப் பார்த்தார். பலகையில் திங்கட்கிழமை எழுத்துகள் அப்படியே இருந்தன. நடுவில் துடைத்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

“தம்பி,” என்றார். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொன்னார். “தம்பி, அந்த அ… என்ன தர்றதா ஒத்துக்கிட்டார்?”

“விவரம் கூடாதுன்னு நீங்கதானே மேடம்…”

“சொல்லு!”

“எலும்பு மஜ்ஜை மேடம். யாருக்குன்னு சொல்ல மாட்டாங்க, பத்து வயசுப் பொண்ணுன்னு மட்டும்தான் சொன்னாங்க.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “முடியாதுன்னு சொல்றப்ப அதோட அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னதை நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன் மேடம், யாருக்குமே அம்மா கிடையாதுன்னு.”