மகனின் மண்ணீரல்

"என் பையனோட மண்ணீரலக் குடுக்குறியா, இல்ல உன் மண்டையப் பொளக்கட்டுமா?"

பதிலுக்குக்கூடக் காத்திராமல் இரும்புக் கம்பி இறங்கியது. பேராசிரியர் தலையை ஒதுக்கிக்கொள்ள, அடி தோளில் விழுந்தது. அடுத்த வீச்சில் உறுப்புத் துண்டுகள் மிதந்த அலமாரி ஜாடிகள் சிதறி, பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. லேப் டெக்னீஷியன் பெண் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

வந்தவன் லாரி டிரைவர். மகன் ரத்தப் புற்றுநோயில் போனபோது, அவன் மண்ணீரலை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதபடி சம்மதித்தவனும் இவனேதான். அந்தப் பாழாய்ப்போன நோய் ரத்தத்திலிருந்து மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பதுதான் இந்த லேபின் வேலை. ஜாடியிலிருக்கும் துண்டை வெட்டி, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவிச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள்.

"சம்மதிச்சது நீங்கதானேய்யா!" என்று கத்தினாள் டெக்னீஷியன்.

"புத்தி கெட்டுப்போய் சம்மதிச்சேன்! புள்ளைய முழுசாப் பொதைக்கலியேன்னு என் பொண்டாட்டி சோறு தண்ணியில்லாம கெடக்கா. அவளும் போயிருவா போல இருக்கும்மா!"

சொல்லும்போதே அழுதுவிட்டான். ஆனால் கம்பி ஓயவில்லை. இந்த முறை பேராசிரியரின் நெற்றி பிளந்து, வெள்ளைக் கோட்டெல்லாம் ரத்தம். குறுக்கே பாய்ந்தவளை அவன் ஒரே தள்ளு தள்ள, கண்ணாடிச் சில்லுகள் மேலேயே போய் விழுந்தாள்.

"கொலகாரப் பாவி! போலீஸக் கூப்பிடறேன் சார்!"

"வேணாம்மா."

பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குள் போனார். ஒரு ஜாடியோடு திரும்பி வந்தார். உள்ளே மண்ணீரல் கத்தி படாமல் முழுசாக மிதந்தது.

"இந்தாங்க. பத்திரம்."

நீட்டினாரே தவிர, விடவில்லை. டிரைவர்தான் இழுத்து வாங்கவேண்டியிருந்தது.

"முழுசா இருக்கான்... என் ராசா முழுசா இருக்கான்!" கம்பியைப் போட்டுவிட்டு ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டான். "மன்னிச்சிருங்க சார்" என்று தேம்பியபடியே போய்விட்டான்.

கையில் குத்திய சில்லைப் பிடுங்கி எறிந்தாள் டெக்னீஷியன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா சார்? அடிச்சவனுக்குப் போய்த் தூக்கிக் குடுக்குறீங்க! ஒரு கீறல்கூட விழாத சாம்பிள் அது!"

"அவன் பையனோடது எப்பவோ சீவித் தீந்துபோச்சும்மா. அத எப்படி அவன்கிட்ட சொல்றது?"

"அப்ப இது யாரோடது?"

நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டே அவர் சொன்னார்:

"அது என் பொண்ணும்மா."