படகு வீட்டு உபசாரம்

"அத்தை, இந்தக் கையுறையைப் போட்டுக்குங்க. பெட்டியை நேராப் பிடிக்கணும். கொஞ்சம் சாஞ்சாலும் எல்லாம் உங்க மேலதான்."

மாப்பிள்ளையின் குரலில் தேன் சொட்டியது. மாமியார் மறுபேச்சில்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு படகுக் கழிப்பறையின் கழிவுப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்தார். இருவருமாகக் கால்வாய்க் கரையோரம் முந்நூறு அடி தூக்கிக்கொண்டு போய், கழிவுத் தொட்டியில் கவிழ்த்து, கழுவி, திரும்பிக் கொண்டுவந்தார்கள்.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை மாப்பிள்ளை?"

"ரெண்டு பேர்னா நாலு நாள் தாங்கும் அத்தை. மூணு பேர்னா..." மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "நீங்களே பார்க்குறீங்களே. ரெண்டே நாள்ல நிரம்பிடுச்சு."

மாமியார் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு உள்ளூரக் குளிர்ந்தது. முப்பது வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவர். புகாரை எழுதி வைக்காமல் வாயைத் திறக்கமாட்டார்.

மாப்பிள்ளையும் மனைவியும் குடியிருந்தது ஒரு ஒடுக்கமான படகில். ஒருவர் அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் மற்றவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். இருவருக்கே அப்படி. மூன்றாவதாக மாமியாரும், இரண்டு ஆள் தூக்குகிற அவருடைய பெட்டியும் வந்து இறங்கியதிலிருந்து, கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கும் மாப்பிள்ளைக்குப் பலகையை விரிக்க இடமில்லை. மடியில் வைத்துப் போட்ட ஒரு மாடிப்படி, மாடிக்குப் போகாமல் குளியலறைக்குள் இறங்கிவிட்டது.

"உங்கம்மா எப்போ ஊருக்குப் போறாங்க?" என்று மனைவியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் படகு தாங்காது. எனவே மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார். நாம் எதற்குச் சொல்ல வேண்டும், படகே சொல்லட்டும்.

அன்று மத்தியானம் இயந்திர அறையின் மூடியைத் திறந்தார். "அத்தை, அடியில தண்ணி ஊறியிருக்கு. அதை இறைக்கிற மோட்டார் மக்கர் பண்ணுது. நீங்க கொஞ்சம் வாளியில மொண்டு குடுத்தா நல்லாயிருக்கும்."

மாமியார் முழங்காலிட்டு உட்கார்ந்து பதினெட்டு வாளி மொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மோட்டாரின் வாயில் அடைத்திருந்த நூல் கந்தையை இரண்டு விரலால் உருவி எடுத்தார். மோட்டார் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

"விடுதிக் குழாயில இதைவிடப் பெரிசெல்லாம் எடுத்திருக்கேன்" என்றார், நோட்டைத் தேடியபடி.

மறுநாள் படகு நகர மறுத்தது. அடியில் சுழலும் விசிறியில் ஏதோ சிக்கியிருந்தது. மாப்பிள்ளை தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். மாமியார் விசிறிக்கு மேலே இருந்த திறப்புக்குள் தோள்வரை கையை விட்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கால்மணி நேரம் துழாவி, ஒரு கால்சட்டையை வெளியே இழுத்தார். விரித்துப் பார்த்தார்.

"பை எல்லாம் காலி. மனுஷன் எப்படி வீடு போய்ச் சேர்ந்தானோ!" என்று சிரித்தார்.

அதற்கடுத்த நாள் கூரையில் துரு சுரண்டும் வேலை. தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் கம்பி பிரஷ்ஷும் கையுமாக மாமியார் உட்கார்ந்திருந்தார். நிழலில் இருந்த மாப்பிள்ளை கறுப்புப் பெயின்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த வேலையெல்லாம் ஒரு ஆள் தனியாச் செய்ய முடியுமா?"

'பொண்ணு தனியா மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவாள்னு கவலை வந்துடுச்சு' என்று எண்ணிக்கொண்ட மாப்பிள்ளை, பயத்தை இன்னும் ஒரு கரண்டி சேர்த்தே ஊற்றினார். "முடியும் அத்தை. ஆனா இதுக்கே பிறந்த ஆளா இருக்கணும். சாதாரண ஆளுன்னா ஒரே வாரத்துல ஓடிடுவாங்க."

மாமியார் தலையாட்டினார். அவர் முகத்தில் தெரிந்தது வருத்தம்தான் என்று மாப்பிள்ளை நிச்சயமாக நம்பினார்.

சாயங்காலம் மாமியார் புடவை மாற்றி, தலைவாரி, "காத்தாட நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பஸ் நேரம் விசாரிக்கப் போயிருக்கிறார் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த மனைவி, "எங்கம்மாவை ஏன் இப்படிப் போட்டு வாட்டுறீங்க?" என்று பொரிந்ததுகூட அவர் காதில் சங்கீதமாக விழுந்தது.

காலையில் மாமியாரின் பெட்டி வாசலில் தயாராக நின்றது.

"நான் கிளம்புறேன் மாப்பிள்ளை. மக வீட்டுல அளவாத்தான் இருக்கணும். உங்களுக்கும் வேலை கெடுது பாருங்க."

"என்ன அத்தை இது! இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே." சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார். இரண்டு நாளாகப் பிடித்திருந்த இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

கரையில் நாற்பது அடிகூடப் போகவில்லை. முன்னால் நடந்த மாமியார், வரிசையில் அடுத்ததாகக் கட்டியிருந்த பச்சைப் படகின் பக்கம் திரும்பினார். கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டினார். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

மாப்பிள்ளை பெட்டியோடு நின்றுவிட்டார். "அத்தை! அத்தை! பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம். அது வேற யாரோ படகு!"

மாமியார் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

"நேத்து வரைக்கும், மாப்பிள்ளை."