மூன்று விரல், ஒரு ஓட்டு

இரண்டாவது விரலும் உடைந்தபோது தலைவர் அலறினார். வாயில் துணி அடைத்திருந்ததால் சத்தம் வாசல் கதவைக்கூடத் தாண்டவில்லை. மொட்டை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அடைப்பை உருவினான்.

"இன்னும் எட்டு இருக்கு சார். பாஸ்வேர்டைச் சொல்லிட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குப் போயிட்டே இருப்போம்."

"சொல்ல மாட்டேன்டா!"

மொட்டைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருஷத் தொழிலில் எப்பேர்ப்பட்ட கொம்பனும் முதல் விரலிலேயே கக்கியிருக்கிறான். இந்த ஆளோ தொப்பையும் தொந்தியுமாக நாற்காலியிலேயே காலம் தள்ளிய மனுஷன். இவருக்கு எங்கிருந்து வந்தது இத்தனை வீம்பு?

"ஏன்டா, ஊரே இலவசமா எடுத்துக்கிற மென்பொருள்னு சொன்னே. அதுக்கு எதுக்குடா இவரு பாஸ்வேர்டு?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டாளி சோடாபுட்டி திரும்பினான். "எடுத்துக்க யார் வேணா எடுத்துக்கலாம். ஆயிரம் பேர் சம்பளமில்லாம எழுதுறான். ஆனா புதுசா ஒரு வரி உள்ளே போகணும்னா அவங்களுக்குத் தலைவரு, இந்த ஆளு, சரின்னு சொல்லணும். நம்ம வரி உள்ளே போயிட்டா, ஆஸ்பத்திரியில இதை வச்சு ஓடுற, மருந்து ஏத்துற மெஷினெல்லாம் நம்ம கையில. நிறுத்துன்னா நிக்கும்."

"எத்தனை உசுருடா போகும், பாவிங்களா!"

மொட்டை விட்ட அறையில் தலைவரின் பல் ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. மூலையில் கை கட்டப்பட்டுக் கிடந்த அவர் மனைவி வீறிட்டாள்.

"அவரை விட்டுடுங்க! நான் சொல்..."

"நீ வாயை மூடு!" தலைவர் அவள்மேல் எரிந்து விழுந்தார். "அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாதுப்பா. அடுப்படியை விட்டா வேற உலகம் தெரியாது."

அவள் அவரை முறைத்த முறைப்பில் மொட்டைக்கே பாவமாகிவிட்டது. இந்த நிலைமையிலும் பொண்டாட்டியை மட்டம் தட்டுகிறானே, இவனெல்லாம் ஒரு தலைவனா! அவள் கைக்கட்டை அவிழ்த்துவிட்டான்.

"அழாதீங்கக்கா. போய் ரெண்டு டீ போடுங்க."

அவன் அடுப்படி வாசலில் சுத்தியலோடு நின்றுகொண்டான். அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள், உப்பு. இன்னொன்றைத் திறந்தாள், மிளகாய்த் தூள். மூன்றாவதும் சர்க்கரை இல்லை.

"மேல் தட்டு, இடது பக்கம், நீல டப்பா," என்று ஹாலிலிருந்து ரத்தம் வழியும் வாயோடு தலைவர் குரல் கொடுத்தார்.

பாவம், பயத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று மொட்டை நினைத்துக்கொண்டான். டீயைக் குடித்து முடித்த தெம்பில் மூன்றாவது விரலையும் உடைத்தான். தலைவர் மயங்கிச் சரிந்தார். தண்ணீர் அடித்து எழுப்பிக் கேட்டால் மறுபடியும் அதே "மாட்டேன்".

மொட்டை பொறுமை இழந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, கையை மேஜைமேல் விரித்து வைத்தான்.

"ஐயோ, அவ கையைத் தொடாதே! சொல்றேன்டா, சொல்லித் தொலைக்கிறேன்!"

சொன்னார். சோடாபுட்டி தட்டினான். அடுத்த நிமிஷம் அவன் முகம் செத்துப்போயிற்று.

"உள்ளே விட மாட்டேங்குதுடா. நேத்து சாயங்காலம் அவங்களுக்குள்ள தேர்தல் நடந்திருக்கு. இந்த ஆளு தோத்துட்டான்! புதுத் தலைவர் யாரோ மழைக்குருவியாம். இதோ, யார் யாருக்குப் போட்டாங்கன்னு வரிசையா போட்டிருக்கு. இவன் ஓட்டை இவனுக்கே போட்டிருக்கான்."

மொட்டை தலைவரின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினான். "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னய்யா?"

"சொன்னா... அவங்களைத் தேடிப் போயிடுவீங்களே."

"எங்கேன்னு தேடுறது?" சோடாபுட்டி தலையில் அடித்துக்கொண்டான். "அங்கே பாதிப் பேருக்கு மேல புனைபெயர்தான். பத்து வருஷம் கூட வேலை செஞ்சவன் கறுப்பா சிவப்பான்னுகூடத் தெரியாது. ஐயையோ, நீக்கின ஆள் பேர்ல நுழையப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் எச்சரிக்கை போயிருக்குடா! கிளம்பு!"

தலைவரின் விலாசம் தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் உடனே போலீஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாடிப்படி இறங்குவதற்குள் பக்கத்துத் தெரு ஸ்டேஷனிலிருந்து வந்து இருவரையும் அமுக்கிவிட்டார்கள்.

மறுநாள், அடையாளம் காட்ட தலைவரின் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தாள். வீங்கிய முகத்தோடு கம்பிக்குப் பின்னால் நின்ற மொட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பினாள். அவனுக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. பதவியைப் பிடுங்கின ஆளைக் காட்டிக்கொடுக்காம மூணு விரலைக் கொடுத்தாரே உங்க வீட்டுக்காரர். யாருக்கா அந்த மழைக்குருவி?"

அவள் நின்றாள்.

"நான்தான்பா. எனக்கு ஓட்டு மட்டும்தான் போடல."