பின்பாட்டு

“யக்கா, நான் செத்தா எனக்கு ஒரு பாட்டுப் படிப்பியா?” என்று கோமு ஒருமுறை மாடத்தியிடம் கேட்டிருந்தாள். இருவரும் கோயில் கொடை விழாக்களில் சேர்ந்து பாடிய காலம் அது. மாடத்தி பாடுவாள், கோமு பின்பாட்டு.

பிரிந்து இருபது வருடம் கழித்து, முதுமையையும் சாவையும் பற்றி மாடத்தி தன் கடைசி ஆல்பத்தைப் பதிவு செய்தபோது கோமுவை வரச் சொன்னாள். குரலுக்காக ஒரு வாரம் வெற்றிலையை விட்டுவிட்டுக் கோமு வந்தாள். ஹெட்போனை மாட்டிய பிறகுதான் பாட்டைக் கேட்டாள். அதில் கோமு என்கிற பின்பாட்டுக்காரி செத்துக் கிடந்தாள்.

“நான் உசிரோடதானக்கா இருக்கேன்.”

“நீ இருக்கது யாருக்குட்டி தெரியும்? செத்தாலாவது நாலு பேரு ஒம் பேரைச் சொல்லுவாவ. படி.”

கோமு பாடினாள். மாடத்திக்கு மூச்சு இரைத்த இடங்களில் எல்லாம் கோமுவின் குரல் ஏறி நின்றது.

“இவங்களுக்கு வயசே ஆகலையாம்மா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

பதிவை மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு, “இவ செத்துட்டான்னு நான் அழுதேன். பின்னாலயே இவ இப்படிக் கணீர்னு படிச்சா எவன் நம்புவான்? இவ குரலை அழிச்சிருங்க தம்பி” என்றாள்.

“அழிச்சா திரும்ப வராதும்மா.”

“அழிங்க.”

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு குரல்களும் இரண்டு கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தன. கீழ்க்கோடு மறைந்தது. கோமு ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரைச் சிக்கில்லாமல் சுற்றி நாற்காலியில் வைத்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.