பின்வாசல் பலகை

“பூட்டை மாட்டிட்டு, சாவியைப் பக்கத்துலயே ஆணியடிச்சுத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு மூப்பரே” என்றார் யோம் அம்மா.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபையே கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சோறும் சூப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பியோ மூப்பர் மட்டும் கிம்ச்சி ஊறுகாய்த் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்சான் நகரத் தொழிற்பேட்டையின் பின்தெருவில் இருக்கிற சின்னச் சபை எங்களுடையது. கோடையில் ஒலிபெருக்கி திருடுபோனது. அதற்குப் பிறகு, வேதத்தைத் தலைகீழாக ஒப்பித்த ஒரு புதுப்பெண், ஏதோ கள்ள உபதேசக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று தெரிந்தது. பயந்துபோய் பாதுகாப்புக் குழு அமைத்தோம். கதவுகளுக்கு எண் பூட்டு, வாசல்களுக்குக் கேமரா. குழுவுக்குத் தலைவர் பியோ மூப்பர்.

அவர் பின்வாசல் பூட்டுக்கு வைத்த எண்தான் இந்தச் சிரிப்புக்குக் காரணம். அந்தந்த வாரத்தின் முதல் பாட்டு எண்ணையே வைத்திருந்தார். அந்த எண்ணோ தெருப் பக்கம் தொங்குகிற ஆராதனைப் பலகையில் பெரிதாக இருக்கும். கேட்டால், வயதானவர்களுக்கு மறக்காமல் இருக்கட்டும் என்பார்.

பாங் டீக்கன் எழுந்தார். கறை படிந்த ரப்பர் கையுறை ஒன்றை மேசைமேல் போட்டார்.

“பின்வாசலை ஒட்டின கொதிகலன் அறையில கிடந்துச்சு. யாரோ வந்து உட்கார்ந்துட்டுப் போயிருக்கான்.”

முலாம் பூசுகிறவர்கள் போடும் கையுறை. இந்தப் பேட்டையில் அதைப் போடாத ஒரே சாதி முதலாளிகள்தான். பாங் டீக்கனுக்கும் ஒரு முலாம் பட்டறை உண்டு.

“நம்ம வீட்டுப் பொண்ணுங்க, பிள்ளைங்க வர்ற இடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா மூப்பரே?”

நியாயமான கேள்வி. பியோ மூப்பர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“இந்த மாசம் முடியட்டும். அதுவரைக்கும் இப்படியே விட்டுடுங்க.”

“மாசம் முடிஞ்சா திருடன் லீவு போட்டுடுவானா?” என்றார் யோம் அம்மா. மறுபடி சிரிப்பு.

அந்த மாதம் முழுக்கப் பேட்டைக்குள் சோதனை வண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. உரிய தாள் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிகளைத் துரத்திப் பிடித்து ஏற்றுகிற வண்டிகள். முந்தைய ஞாயிறு பாங் டீக்கனே ஜெப விண்ணப்பம் சொல்லியிருந்தார், தன் பட்டறைப் பக்கம் வண்டி வராமல் ஆண்டவர் காக்க வேண்டும் என்று. தாள் இல்லாதவனுக்குப் பாதிக் கூலி போதும். வண்டி வந்தால் அந்த லாபம் போய்விடும். நாங்களும் ஆமென் சொன்னோம்.

கை தூக்கச் சொன்னார்கள். பியோ மூப்பரைத் தவிர எல்லோரும் தூக்கினோம். பொறுப்பு பாங் டீக்கன் கைக்குப் போனது. அப்போதே எழுந்துபோய்ப் பின்வாசல் எண்ணை மாற்றிவிட்டு வந்தார்.

“புது எண் என்ன?” என்று கேட்டார் பியோ மூப்பர்.

“உங்களுக்குச் சொன்னா நாளைக்கே அது பலகையில ஏறிடும்.”

திங்கட்கிழமை பலகையைக் காணோம். தேடிப் பார்த்தால் கொதிகலனுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. பியோ மூப்பர்தான் கழற்றினார் என்று தெரிந்ததும் சபையே வாயில் கை வைத்தது. இத்தனை வயதில் பதவி போன கோபத்தைப் பலகைமேலா காட்டுவது என்றார்கள். பாங் டீக்கன் அதைத் துடைத்து, வரப்போகும் ஞாயிறின் பாட்டு எண்ணைச் செருகி, பழைய இடத்திலேயே மாட்டினார்.

அன்று மாலை பியோ மூப்பர் பாங் டீக்கனுடைய பட்டறை வாசலில் போய் நின்றாராம். வேலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாராம். வேலை நேரத்தில் சபைப் பஞ்சாயத்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை மதியம் அந்தப் பட்டறைக்குள் வண்டிகள் நுழைந்தன.

பன்னிரண்டு பேர் பிடிபட்டார்கள். நேபாளத்துக்காரன் குமான் மட்டும் தப்பி ஓடினான். எங்கள் சபையின் பின்மதில் ஏறிக் குதித்தவன், மறுபுறம் தண்ணீர் இல்லாத கால்வாயின் சிமெண்டுத் தரையில் விழுந்தான். நாங்கள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

பாங் டீக்கனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. எட்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தவன்.

“நாலு எட்டு வெச்சா சபைக் கதவு. எதுக்கு மதில் ஏறினான்? கதவைத் தட்டியிருக்கலாமே. நாம என்ன, தொரத்தியா விட்டிருப்போம்?”

பியோ மூப்பர் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. “கேமராவைப் போட்டுப் பாருங்க” என்றார்.

சபைப் பணத்தில் வாங்கிய உசத்தியான கேமரா. விரல்நுனிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

குமான் தெருமுனையிலிருந்து ஓடி வந்தான். பலகை முன்னால் ஒரு கணம் நின்றான். நேராகப் பின்வாசலுக்கு வந்து பூட்டில் மூன்று எண்களை அழுத்தினான். கதவு திறக்கவில்லை. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, வெறும் விரலால் மறுபடி அழுத்தினான். திரும்பிப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். பிறகுதான் மதில் பக்கம் ஓடினான்.

“என்ன நம்பர் அது?” என்று திரையை நெருங்கினார் யோம் அம்மா.

மூன்று, ஏழு, ஒன்று.

பாங் டீக்கன் தன் கையாலேயே பலகையில் செருகிய எண்.