பூட்டியிருந்த கதவு

பட்டாசு ஆலைத் தீயில் ஒன்பது பெண்கள் கருகிய அன்று, புகைப்படக்காரர் கோமதிநாயகம்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். வெளியே பூட்டுத் தொங்கிய கதவை அவர் எடுத்த படம் அவருடைய இணையதளத்தில் இருந்தது. வருகிறவர்கள் முகம் சுளித்துப் போய்விடாதபடி அந்தத் தளம் தன்னைத்தானே அழகுபடுத்திக்கொள்ளும், அதிலுள்ள படங்களையும் தானாகவே மாற்றி அழகாக்கிவிடும். பார்வையாளர்கள் பெருகியதால் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஓராண்டு கழித்து, தீயில் மகளைப் பறிகொடுத்த முனீஸ்வரி வந்தாள்.

"நாளைக்கு வழக்கு வருது அண்ணாச்சி. கதவைப் பூட்டவே இல்லைனு மொதலாளி சாதிக்காரு. அந்தப் படத்தை எடுத்துக் குடுங்க."

அவர் தளத்தைத் திறந்தார். சுவரில் கரி இல்லை. கதவு விரியத் திறந்திருக்க, உள்ளே இளவெயில் விழுந்திருந்தது. பதறிப்போய் மூலப்படத்தைத் தேடினார். அதையும் சேமித்து வைக்கத் தளத்திடமே ஒப்படைத்திருந்தார். அதிலும் கதவு திறந்துதான் இருந்தது.

"பூட்டை நான் கண்ணால பார்த்தேன்மா. கோர்ட்டுல வந்து சொல்லுதேன்."

சொன்னார். முதலாளியின் வக்கீல் அந்தப் படத்தைத் திரையில் காட்டி, "இது நீங்க எடுத்ததுதானே?" என்று கேட்டார்.

"ஆமா. ஆனா..."

"போதும்."

வெளியே வந்ததும் முனீஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு தெறந்துதான கெடந்திருக்கு அண்ணாச்சி. பெறவு எம்புள்ள ஏன் வெளிய ஓடி வரலை?"