இடப்பக்கம் முறுக்கிய கம்பி

“இவனைத் தவிர வேற யாருமில்லை. எழுதிக்குங்க சார்!”

கத்தியவர் மெக்கானிக். குற்றவாளியாக நின்றவன் அவருடைய மச்சினன். அவனும் மெக்கானிக்தான், எதிர் அணிக்கு. இருவரும் பேசி மூன்று வருடமாகிறது.

மலைப்பாதைப் பந்தயம் தொடங்க நாற்பது நிமிடம் இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

மெக்கானிக் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த சின்ன மூடியைத் திறந்து காட்டினார். கியர் லீவரிலிருந்து வரும் ராடும் கியர் பாக்ஸுக்குப் போகும் ராடும் அங்கேதான் சேருகின்றன. சேர்த்துப் பிடிப்பவை இரண்டே ஸ்க்ரூ. அவை கழன்றுவிடாமல் இருக்க, தலையிலுள்ள துளை வழியே மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்ட வேண்டும்.

“நான் கட்டினா வலப்பக்கமா முறுக்குவேன். முப்பது வருஷப் பழக்கம். இதைப் பாருங்க, இடப்பக்கமா முறுக்கியிருக்கு. இங்க இருக்கிறதுல இடக்கையன் இவன் ஒருத்தன்தான்.”

அதிகாரி மச்சினனைப் பார்த்தார். “தொட்டீங்களா?”

“தொட்டேன் சார்.”

“எதுக்கு?”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அடுத்தவங்க வண்டியில கை வச்சா என்ன ஆகும்னு தெரியுமில்லை?”

“தெரியும். இனிமே எந்தப் பந்தயத்துக்கும் உள்ளே விடமாட்டீங்க.”

“கேட்டீங்களா? தெரிஞ்சே பண்ணியிருக்கான்!” மெக்கானிக்குக் குரல் உடைந்தது. “ஓட்டப்போறது யாரு சார்? என் பொண்ணு. இவனுக்குச் சொந்த அக்கா மகள். மூணாவது வளைவுல கியர் விழலைன்னா அந்தப் பக்கம் பள்ளம். தாய்மாமனாம், தாய்மாமன்!”

“ஜெயிக்கத் துப்பில்லைன்னா கழட்டத்தான் தோணும்” என்றான் கூட்டத்தில் ஒருவன். நாலு பேர் சிரித்தார்கள்.

மச்சினன் தலையைத் தூக்கவில்லை.

“கழட்டிப் பாருங்க. என்ன பண்ணியிருக்கார்னு தெரியாம நான் எழுத முடியாது” என்றார் அதிகாரி.

மெக்கானிக் சீட்டின்மேல் குப்புறப் படுத்தார். கம்பியை வெட்டினார். ஸ்க்ரூவைக் கழற்றி, இணைப்பை நகர்த்தி, உள்ளே டார்ச் அடித்தார்.

ஸ்க்ரூவின் கூர்முனை உட்கார ராடில் மிளகளவுக்கு ஒரு குழி உண்டு. முனை அதில்தான் சரியாக உட்கார்ந்திருந்தது.

ஆனால் குழியை ஒட்டி, ஒரு நெல் அகலம் தள்ளி, பளபளவென்று ஒரு வடு. கூர்முனை வெறும் ராடின்மேல் அழுந்திய தடம். அப்படி இறுக்கினால் நாலைந்து தடவை பிடிக்கும். வேகத்தில் அழுத்தி மாற்றும்போது நழுவும்.

முந்தாநாள்தான் மாட்டிய புது ராடு அது. மாட்டியது அவர். இறுக்கியது அவர். மூக்குக்கண்ணாடி எதற்கு என்று, விரலால் தடவியே வேலையை முடித்தவரும் அவர்.

“என்ன சார், லூஸ் பண்ணி வச்சிருக்காரா?” வெளியிலிருந்து அதிகாரி கேட்டார்.

அந்த இடுக்கில் ஒருவர் தலைதான் போகும். மெக்கானிக் என்ன சொல்கிறாரோ அதுதான் தாளில் ஏறும்.

“சார்?”

அவர் மெதுவாக வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது.

“அவன் பேரை அடிச்சிடுங்க. நான்தான் குழியை விட்டுட்டுத் தள்ளி இறுக்கியிருக்கேன். அவன் சரி பண்ணியிருக்கான்.”

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அதிகாரி தாளைக் கிழித்தார். “இருபது நிமிஷம்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் ஸ்க்ரூவைத் திரும்பப் போடப் பார்த்தார். இரண்டு தடவை முனை வழுக்கியது.

“நீயே போட்டுடு” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மச்சினன் உள்ளே தலையை நுழைத்தான். அவர் டார்ச் பிடித்தார்.

“வாயைத் தைச்சா வச்சிருந்தே? அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“தொட்டீங்களான்னு கேட்டாங்க. தொட்டேன்னு சொன்னேன்.”

“எகத்தாளம் மட்டும் குறையலை உனக்கு.”

ஸ்க்ரூ இறுகியது. கம்பி கோத்தாயிற்று. இடப்பக்கமாகவே முறுக்கினான்.

“டேய்...” மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். “அவகிட்ட மட்டும் இப்போ சொல்லிடாதே. அப்பா கட்டின வண்டின்னு நம்பி மேல போறா. கீழ வந்ததும் நானே சொல்லிக்கிறேன்.”

“சொல்லலை, அத்தான்.”

ஓட்டுநர்கள் கூட்டம் முடிந்து மகள் ஓடிவந்தாள், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு. மாமனும் அப்பாவும் ஒரே வண்டிக்குள் குனிந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

“எல்லாம் சரியாப்பா?”

“உங்கப்பன் வண்டிம்மா. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு.”

“திறந்துக்கிட்டே ஓட்டறேன்பா.”

அவர் சிரித்துக்கொண்டே டயரில் காற்றுப் பார்க்க முன்பக்கம் போனார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை இறுக்கிவிட மாமன் குனிந்தபோது அவள் அவன் காதருகே கேட்டாள்:

“மாமா, கியர் தள்ளி விழுதுன்னு நேத்து நான்தான் உங்களைக் கூப்பிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடலையே? தாங்கமாட்டார்.”